வெள்ளைச் சுவரில் சலித்துப்போன தங்கைக்கு எந்தப் புத்தகம்?

தங்கை வாடகை வீடு மாறினாள். முந்தைய வீட்டிலும் வெள்ளைச் சுவர், இதிலும் வெள்ளைச் சுவர். சாம்பல் நிற சோபா, பழுப்பு விரிப்பு, மூலையில் ஒரு தொட்டிச் செடி. "அக்கா, பல் டாக்டர் கிளினிக்ல குடியிருக்கிற மாதிரி இருக்கு. எனக்கு நிறம் வேணும். பழசு, புதுசு, பூப்போட்டது, கட்டம் போட்டது எல்லாம் கலந்து இருக்கணும். ஆனா பழைய சாமான் கடை மாதிரி ஆயிடக் கூடாது. அதுக்கு ஒரு புக் சொல்லு. ஒண்ணே ஒண்ணு" என்றாள்.

அந்த ஒண்ணே ஒண்ணில்தான் சிக்கல். இந்த விஷயத்தில் என்னிடம் அலமாரித் தட்டு வளைகிற அளவுக்குப் புத்தகங்கள் இருக்கின்றன. அட்டையைப் பார்த்தால் எல்லாம் ஒரே குடும்பம் போலத்தான் தெரியும். உள்ளே போனால் ஐந்து வகை, ஐந்துக்கும் வேறு வேறு வேலை. தவறான நேரத்தில் தவறான வகையைக் கையில் எடுத்தால் கெடுதலும் நடக்கும். நடந்திருக்கிறது, எனக்கே. அதனால் அவளுக்குப் பதில் சொல்வதற்கு முன் ஐந்தையும் மேஜையில் பரப்பி வைத்து ஒரு முறை யோசித்தேன்.

படப் புத்தகத்தில் தொடங்குகிறேன், எல்லோரும் அதில்தான் தொடங்குகிறார்கள். காபி டேபிள் புத்தகம் என்பார்களே, மடியில் வைத்தால் கால் மரத்துப்போகும், அது. நூறு வீடுகள், ஒவ்வொன்றுக்கும் இரண்டு மூன்று பக்கம். கருநீலச் சுவரில் தங்க நிறச் சட்டங்கள், சிறுத்தைப் புள்ளி போட்ட நாற்காலிக்குப் பக்கத்தில் பெரிய பூக்கள் பூத்த திரைச்சீலை, அண்ணாந்து பார்த்தால் கூரை முழுக்கப் பவழச் சிவப்பு. 'மேக்ஸிமலிசம்', அதாவது நிறைய இருப்பதே அழகு, என்ற பெயரில் இவை வரிசைகட்டி வருகின்றன. முதல் முறை புரட்டும்போது வரும் கிளர்ச்சியை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். வீட்டை இப்படியும் வைத்துக்கொள்ளலாம் என்று யாரோ அனுமதிச் சீட்டு எழுதிக் கொடுத்தது போல இருக்கும்.

அந்தச் சீட்டை நம்பித்தான் என் சின்னப் படிப்பறையைக் கரும்பச்சை ஆக்கினேன். படத்தில் காட்டுப் பச்சைச் சுவர், பித்தளை விளக்கு, தரை வரை புத்தகங்கள். புத்தகத்தையே பெயிண்ட் கடைக்குத் தூக்கிக்கொண்டு போய், பக்கத்தை ஷேட் கார்டோடு ஒட்டிவைத்து, அச்சு அசலாகப் பொருந்துகிற நிறத்தைத் தேர்ந்தெடுத்தேன். இரண்டு கோட் அடித்து முடித்ததும் பகலில் கிணற்றடி போல இருந்தது. இரவில் பச்சை என்றே தெரியவில்லை, வெறும் கறுப்பு.

ஏன் அப்படி ஆனது என்பது பிறகுதான் புரிந்தது. முதலில் அச்சு. புத்தகப் படங்கள் நான்கே மைகளில் அச்சாகின்றன: நீலம், செஞ்சிவப்பு, மஞ்சள், கறுப்பு. பெயிண்டில் கிடைக்கும் எல்லா நிறத்தையும் இந்த நான்கும் சேர்ந்து எட்டிவிட முடியாது. பளீரென்ற ஆரஞ்சு, தெளிந்த பச்சை, ஆழ்ந்த நீலம் எல்லாம் தாளில் கொஞ்சம் அடங்கித்தான் போகும். ஆகவே அச்சுப் பக்கத்தோடு பொருந்துகிற பெயிண்ட், அந்த வீட்டுச் சுவரில் இருந்த பெயிண்டாக இருக்க வேண்டிய அவசியமே இல்லை. அடுத்தது கேமரா. அகலக் கோண லென்ஸ் அறையை இழுத்துப் பெரிதாக்கிக் காட்டும். இருண்ட அறையைப் படமெடுக்கும்போது கேமராவைக் கூடுதல் நேரம் திறந்து வைத்து, நம் கண்ணுக்குத் தெரிவதைவிட அதிக வெளிச்சத்தை உள்ளே விட முடியும். கரும்பச்சை அப்போதுதான் பச்சையாக விழும். மூன்றாவது, நான் கவனிக்கவே கவனிக்காத ஒன்று: நிழல்கள் விழுந்த திசையைப் பார்த்தால், சட்டகத்துக்கு வெளியே குறைந்தது இரண்டு உயரமான ஜன்னல்களாவது இருந்திருக்க வேண்டும். என் அறைக்கு இருப்பது ஒன்று, அதுவும் பக்கத்துக் கட்டடத்தின் சுவரைப் பார்த்தபடி.

திரும்ப வெளிர் நிறத்துக்கு வர ஒரு கோட் பிரைமரும் மூன்று கோட் பெயிண்டும் ஆயின. ஒரு வாரம் முதுகு வலி.

இப்போதும் படப் புத்தகம் எடுக்கிறேன், ஆனால் வேறு விதமாக. யோசிக்காமல் பிடித்த பக்கத்திலெல்லாம் சீட்டு ஒட்டிக்கொண்டே போவேன். 20 வந்ததும் நிறுத்திவிட்டு அந்த 20 பக்கங்களை மட்டும் அடுத்தடுத்துப் புரட்டி, எல்லாவற்றிலும் திரும்பத் திரும்ப என்ன வருகிறது என்று பார்ப்பேன். முதல் முறை இதைச் செய்தபோது சிரிப்பு வந்தது, கொஞ்சம் எரிச்சலும் வந்தது. இருண்ட சுவர்கள்தான் எனக்குப் பிடிக்கும் என்று நினைத்திருந்தேன். 20இல் 14 படங்களுக்குப் பொதுவாக இருந்தவை தரையில் ஒரு பெரிய பூவேலை விரிப்பும், இடுப்புயரத்தில் எரியும் இரண்டு மூன்று விளக்குகளும். பாதிக்கு மேற்பட்ட படங்களில் சுவர் வெளிர்தான். நான் ஆசைப்பட்டது விரிப்புக்கும் விளக்குக்கும், பெயிண்ட் அடித்ததோ சுவருக்கு! இந்த வேலைக்குப் புத்தகத்தை விலைக்கு வாங்க வேண்டியதில்லை, நூலகத்தில் இரண்டு வாரத்துக்கு எடுத்தால் போதும்.

அடுத்தது, ஒரே டிசைனர் தன் வேலைகளையும் கருத்துகளையும் தொகுத்துத் தரும் புத்தகம். நூறு பேரின் குரல் இல்லை, ஒரே குரல். அதனால் குழப்பம் குறைவு. அமெரிக்க டிசைனர் டோரதி டிரேப்பர் 1939இல் எழுதிய 'டெகரேட்டிங் இஸ் ஃபன்!' இந்தக் குலத்தின் பாட்டிகளில் ஒன்று. அந்த அம்மா பயம் என்பதே அறியாதவர். மேற்கு வர்ஜீனியாவில் உள்ள கிரீன்பிரையர் ஹோட்டல் இரண்டாம் உலகப் போரின்போது ராணுவ மருத்துவமனையாக இருந்தது. போர் முடிந்த பிறகு அதை மீட்டு, 1948இல் மறுபடி திறக்கும்படி அலங்கரித்தவர் அவர்தான். தட்டு அளவுப் பூக்கள், கறுப்பு வெள்ளைச் சதுரத் தரை, கூடாரத் துணி போல அகலக் கோடுகள், ஒன்றோடொன்று மல்லுக்கட்டும் பச்சையும் இளஞ்சிவப்பும். பார்த்தாலே உற்சாகம் தொற்றிக்கொள்ளும்.

ஆனால் அது ஹோட்டல். மூன்று நாள் தங்கி, வாய் பிளந்து பார்த்துவிட்டுப் போகிறவர்களுக்காகச் செய்தது. தலைவலியோடு வேலையிலிருந்து திரும்பி வந்து செருப்பைக் கழற்றுகிற மாலை நேரத்தில் அதே சுவர் என்ன செய்யும் என்பது வேறு கேள்வி. டிசைனர்களின் புத்தகங்களில் ஹோட்டல் முகப்பு, கடை, கண்காட்சி அறை, வீடு எல்லாம் கலந்துதான் கிடக்கும். ஒவ்வொரு பக்கத்திலும் இது எது என்று முதலில் கேட்டுக்கொண்டால் பாதி ஏமாற்றம் தவிரும்.

இன்னொரு ஆபத்து, இன்னொருவருடைய கையெழுத்து நம் வீட்டில் குடியேறிவிடுவது. இதற்கு நான் அடிக்கடி சொல்லும் கதை ஃபேஷன் டிசைனர் கார்ல் லாகர்ஃபெல்டுடையது. மிலான் நகரில் டிசைனர் எத்தோரே சொட்சாஸ் 1980 டிசம்பரில் இளைஞர்களைச் சேர்த்து மெம்ஃபிஸ் என்ற வடிவமைப்புக் குழுவைத் தொடங்கினார். 1981இல் முதல் கண்காட்சி. பிளாஸ்டிக் லாமினேட், பாக்டீரியா நெளிவது போன்ற கோலங்கள், கை கால் விரித்து நிற்கும் புத்தக அலமாரி. லாகர்ஃபெல்ட் மான்டே கார்லோவில் இருந்த தன் அடுக்ககத்தை முழுக்க முழுக்க மெம்ஃபிஸ் பொருள்களாலேயே நிரப்பினார், மசனோரி உமேதா வடிவமைத்த குத்துச்சண்டை மேடை உட்பட. கயிறு கட்டி, மெத்தை போட்டு, உட்கார்ந்து பேசுவதற்கான குத்துச்சண்டை மேடை! 1991இல் எல்லாவற்றையும் சொதபீஸ் ஏலத்தில் விற்றுவிட்டார். அவருக்கு அது கட்டுப்படியாகும். நமக்கு மொத்தமாக வாங்கி மொத்தமாக விற்க முடியாது. அதோடு, அந்த வீடு துணிச்சலானதுதான், ஆனால் கலவை அல்ல. ஒரே கடையின் சாமான். தங்கை கேட்பது அதற்கு நேர் எதிர்.

அப்புறம் கையேடு. படங்களில் கவர்ச்சி இல்லாத, அட்டவணைகளும் கோட்டுச் சித்திரங்களும் நிறைந்த வகை. ஸ்வீடன்காரர் ஃப்ரீடா ராம்ஸ்டெட்டின் உள் அலங்காரக் கையேட்டில் புகைப்படமே கிடையாது, வெறும் வரைபடங்கள்தான். படத்தை நம்பிக் கரும்பச்சை அடித்த என் கதைக்கு இதைவிட நல்ல மருந்து இல்லை. சோபாவுக்கும் டீப்பாய்க்கும் எவ்வளவு இடைவெளி, படத்தை எந்த உயரத்தில் மாட்டுவது, விரிப்பு எந்த அளவில் இருந்தால் அறை சுருங்கித் தெரியாது என்பது போன்றவை. துணிச்சலான வீட்டுக்கு இவை தேவையில்லை என்று நினைத்தால் தப்பு. சாதுவான வீட்டில் ஒரு படம் கோணலாக இருந்தால் யாரும் கவனிக்க மாட்டார்கள். பத்து விதமான கோலங்கள் மோதும் அறையில் அளவு பிசகினால்தான் பழைய சாமான் கடை ஆகிறது.

கையேட்டின் மதிப்பைக் காட்ட ஒரு சின்னக் கணக்கு. சந்தையில் பரவலாகக் கிடைக்கும் ஐரோப்பிய அளவு வால்பேப்பர் சுருள் 10.05 மீட்டர் நீளம், 53 சென்டிமீட்டர் அகலம். சுவர் உயரம் 2.4 மீட்டர் என்றால் கோலம் இல்லாத தாளில் ஒரு சுருளுக்கு நான்கு பட்டைகள் கிடைக்கும். தங்கைக்குப் பிடிப்பது போன்ற பெரிய பூக்கள், 64 சென்டிமீட்டருக்கு ஒரு முறை திரும்ப வரும் கோலம் என்றால்? பூ பூவோடு சேர வேண்டுமே. ஒவ்வொரு பட்டையையும் நான்கு கோல நீளத்துக்கு, அதாவது 2.56 மீட்டருக்கு வெட்ட வேண்டும். நான்கு பட்டைக்கு 10.24 மீட்டர் வேண்டும், சுருளில் அவ்வளவு இல்லை. மூன்றுதான் வரும். நான்கில் ஒரு பங்கு குறைந்துவிட்டது. பாதிச் சுவரில் தாள் தீர்ந்து இன்னொரு சுருள் வாங்கப் போனால் தயாரிப்புத் தொகுதி எண் மாறியிருக்கும், நிறம் ஒரு இழை விலகி நிற்கும். எந்தப் படப் புத்தகமும் இதைச் சொல்லாது.

எல்ஆர்வி என்ற எண்ணையும் கையேட்டில்தான் கற்றுக்கொண்டேன். ஒரு நிறம் தன்மேல் விழும் வெளிச்சத்தில் எவ்வளவைத் திருப்பி அனுப்புகிறது என்பதற்கான அளவு. சுத்தக் கறுப்பு 0, சுத்த வெள்ளை 100. பல நிறுவனங்களின் ஷேட் கார்டில் பின்பக்கத்திலோ ஓரத்திலோ அச்சிட்டிருப்பார்கள். என் கரும்பச்சையின் எண் 6. ஒற்றை ஜன்னல் அறையில் நான்கு சுவருக்கும் 6 அடித்தால் கிணறுதான். முதலிலேயே தெரிந்திருந்தால் ஒரு சுவரோடு நிறுத்தியிருப்பேன்.

கையேடு சொல்வதையும் அப்படியே விழுங்கக் கூடாது. வடக்கு பார்த்த அறைக்குக் குளிர்ந்த நீல வெளிச்சம் வரும், அங்கே வெதுவெதுப்பான நிறம் அடி என்று பல புத்தகங்களில் இருக்கும். எழுதியவர்கள் இங்கிலாந்திலோ ஸ்வீடனிலோ உட்கார்ந்து எழுதியது அது. நிலநடுக்கோட்டுக்குத் தெற்கே வெகுதூரம் போனால் அந்த விதி தெற்கு பார்த்த அறைக்கு மாறிவிடும். நிலநடுக்கோட்டை ஒட்டி வாழ்பவர்களுக்குச் சூரியன் ஆண்டில் ஒரு பாதி வடக்கே சாய்ந்தும் மறுபாதி தெற்கே சாய்ந்தும் போகிறது, அங்கே இந்த விதியே பாதிக்குப் பாதிதான் செல்லும்.

இந்த வகையின் பெரிய குறை வேறு. கையேடு தப்பு நடக்காமல் தடுப்பதற்காக எழுதப்படுகிறது. ஒரு நிறம் 60 சதவீதம், இரண்டாவது 30, மூன்றாவது 10. பொருள்களை ஒற்றைப்படையில் வை. ஒரு அறையில் மூன்று கோலத்துக்கு மேல் வேண்டாம். எல்லாவற்றையும் கடைப்பிடித்தால் கிடைப்பது ஒரு நல்ல ஹோட்டல் அறை. தங்கை அங்கிருந்துதான் தப்பித்து ஓடப் பார்க்கிறாள். இடித் வார்ட்டன் நாவலாசிரியராகப் புகழ்பெறும் முன், 1897இல், ஆக்டன் காட்மன் என்ற கட்டடக் கலைஞரோடு சேர்ந்து 'தி டெகரேஷன் ஆஃப் ஹவுஸஸ்' எழுதினார். அந்தக் காலத்து வீடுகளில் குவிந்துகிடந்த குஞ்சங்களையும் திரைகளையும் சாமான்களையும் சாடும் புத்தகம். அறையின் அளவும் விகிதமும் சரியாக இருந்தால் அலங்காரம் தானாக வரும் என்ற கட்சி. நான் அவர்கள் கட்சி இல்லை. இருந்தும், நிறையப் பொருள் வைத்துக்கொள்ளப் போகிறவர்கள் ஒரு முறை அதைப் படித்துத் திட்டு வாங்கிக்கொள்வது நல்லது.

நிறக் கோட்பாட்டுப் புத்தகங்களைப் பற்றிச் சுருக்கமாகவே சொல்கிறேன், எனக்குப் பிடித்தாலும் தங்கைக்கு ஒத்துவராது என்று தெரியும். ஓவியர் ஜோசஃப் ஆல்பர்ஸ் 1963இல் வெளியிட்ட 'இன்டராக்ஷன் ஆஃப் கலர்' இதில் தலையாயது. ஒரு நிறம் தனியாக எப்படி இருக்கிறது என்பது முக்கியமே இல்லை, பக்கத்தில் என்ன நிற்கிறது என்பதைப் பொறுத்து அது மாறிக்கொண்டே இருக்கும் என்பதைப் பயிற்சிகளால் நிரூபிக்கிறார். ஒரே பழுப்புத் தாளை இரண்டாக வெட்டி, ஒன்றை மஞ்சள் மேலும் மற்றதை நீலத்தின் மேலும் வைத்தால் இரண்டும் ஒரே தாள் என்று சத்தியம் செய்தாலும் நம்ப மாட்டார்கள். கத்தரிக்கோலும் நிறத்தாளும் எடுத்துக்கொண்டு உட்காருபவர்களுக்கு இந்தப் புத்தகம் பொக்கிஷம், சோபாவில் சாய்ந்தபடி புரட்டுபவர்களுக்குத் தண்டம். வெள்ளைக் கட்டடங்களுக்குப் பெயர்போன கட்டடக் கலைஞர் லெ கார்பூசியேகூட 1931இல் ஒரு வால்பேப்பர் நிறுவனத்துக்காக 43 நிறங்களைத் தொகுத்து, துளையிட்ட அட்டையை மேலே நகர்த்தி நிறச் சேர்க்கைகளைப் பார்க்கும்படி செய்து கொடுத்தார். வெள்ளைச் சுவருக்கு அவரைச் சாட்சிக்கு இழுப்பவர்களிடம் இதைச் சொல்லிப் பாருங்கள்.

கடைசி வகைக்கு வருகிறேன்: ஒரே ஒரு வீட்டைப் பற்றிய புத்தகம். கடையில் இது பெரும்பாலும் அலங்காரப் பகுதியில் இருக்காது. வாழ்க்கை வரலாறு, கலை, அருங்காட்சியகம் என்று எங்கோ ஒளிந்திருக்கும். நூறு வீட்டை இரண்டிரண்டு பக்கத்தில் பார்ப்பதற்கும் ஒரு வீட்டை இருநூறு பக்கத்தில் பார்ப்பதற்கும் உள்ள வித்தியாசம், கல்யாண ஆல்பத்துக்கும் கூடவே குடித்தனம் நடத்துவதற்கும் உள்ள வித்தியாசம்.

லண்டனில் கட்டடக் கலைஞர் ஜான் சோன் வாழ்ந்த வீடு இன்று அருங்காட்சியகம். தன் வீட்டைப் பற்றித் தானே ஒரு விவரணைப் புத்தகம் எழுதி, 1830இல் அச்சிட்டு, பிறகு இரண்டு முறை விரிவாக்கி வெளியிட்டவர் அவர். உடைந்த சிலைகள், வார்ப்புகள், ஒரு எகிப்திய மன்னனின் கல் சவப்பெட்டி என்று எதையும் விடாமல் சேர்த்தார். சேர்த்ததை வைக்க இடம் போதாதபோது என்ன செய்தார் என்பதுதான் கதை. ஓவிய அறையின் சுவர்களைக் கீல் வைத்த கதவுகள் போல அமைத்தார். திறந்தால் உள்ளே இன்னொரு அடுக்கு ஓவியங்கள். சின்ன அறையில் 100க்கும் மேற்பட்ட ஓவியங்கள் அடங்கின. இருட்டு மூலைகளுக்கு மேலிருந்து வெளிச்சம் இறக்கினார், நிறக் கண்ணாடி வழியாக. சாப்பாட்டறையில் ஆழ்ந்த சிவப்பு, மாடியில் வரவேற்பறை பளீர் மஞ்சள். அவ்வளவு நெரிசலிலும் அந்த வீடு மூச்சு முட்டாமல் இருக்கக் காரணம் அந்த வெளிச்சமும் குவிக் கண்ணாடிகளும். 1833இல் நாடாளுமன்றச் சட்டமே போட்டு, தன் மரணத்துக்குப் பிறகும் கூடியவரை எதையும் மாற்றாமல் வைத்திருக்கும்படி செய்துவிட்டார். அதனால்தான் இன்றும் பாடமாகப் படிக்க முடிகிறது.

அது பணக்காரக் கட்டடக் கலைஞரின் சொந்த வீடு. தங்கைக்கு நெருக்கமானது சார்ல்ஸ்டன். தென் இங்கிலாந்தின் கிழக்கு சஸெக்ஸில் ஒரு பண்ணை வீடு. முதல் உலகப் போர் நடக்கும்போது, 1916இல், ஓவியர் வனெஸ்ஸா பெல் தன் குழந்தைகளோடும் ஓவியர் டங்கன் கிரான்ட்டோடும் அங்கே குடிபோனார். போருக்குப் போக மறுத்த கிரான்ட் பண்ணை வேலை செய்தாக வேண்டிய நிலை. வீட்டைப் பார்த்து இங்கே வா என்று எழுதியது வனெஸ்ஸாவின் தங்கை வர்ஜீனியா ஊல்ஃப். (எங்கள் வீட்டில் தங்கை கேட்கிறாள், அக்கா சொல்கிறாள். அங்கே தலைகீழ்.) முக்கியமான விஷயம், அது வாடகை வீடு. கையில் பணமும் அதிகம் இல்லை. அதனால் வாங்கவில்லை, வரைந்தார்கள். கதவுப் பலகைகளில் பூச்சாடி, கணப்பைச் சுற்றி வட்டங்கள், விறகுப் பெட்டியில் தேவதைகள், கட்டில் தலைமாட்டில், மேஜை மேல், அலமாரியில். மலிவான பழைய மேஜை நாற்காலிகள்தான் பெரும்பாலும். 1939 வாக்கில் சாப்பாட்டறைச் சுவரை இருட்டாக்கி, அச்சு வெட்டிக் கையாலேயே கோலம் பதித்தார்கள். நான் என் படிப்பறையில் ஒரே வாரத்தில் செய்யப் பார்த்த வேலை. அவர்கள் அந்த அறையில் இருபது ஆண்டுக்கு மேல் சாப்பிட்ட பிறகு செய்தார்கள்.

வனெஸ்ஸாவின் மகன் குவென்டின் பெல்லும் பேத்தி வர்ஜீனியா நிக்கல்சனும் சேர்ந்து எழுதிய சார்ல்ஸ்டன் புத்தகம் 1997இல் வந்தது. அறை அறையாக நடத்திக்கொண்டு போகிறது. எந்தக் கதவு எப்போது வரையப்பட்டது, யார் வரைந்தது என்று அங்கே வளர்ந்தவர் பக்கத்தில் நின்று சொல்வதுதான் அதன் பலம். படத்தில் ஒரே நேரத்தில் தெரியும் அறை, உண்மையில் பத்து இருபது ஆண்டுகளில் ஒவ்வொன்றாகச் சேர்ந்தது என்பது இந்த வகைப் புத்தகத்தில் மட்டும்தான் தெரியவருகிறது. கலவை வீடு கலைந்து போகாமல் நிற்பதற்கு அந்த வரிசைதான் காரணம் என்பது என் எண்ணம். முதலில் ஒன்று வந்து, அதோடு வாழ்ந்து பார்த்து, அதற்குப் பதில் சொல்வது போல அடுத்தது வருகிறது. சார்ல்ஸ்டனில் கோலங்கள் எத்தனையோ. இருந்தும் அந்தச் சாம்பல், மங்கிய மஞ்சள், செங்கல் நிறம், மேட் பூச்சு, நடுங்கும் தூரிகைக் கோடு எல்லாம் அறைக்கு அறை திரும்ப வந்துகொண்டே இருக்கும்.

வியன்னாவிலிருந்து ஸ்வீடனுக்குப் போன ஜோசஃப் ஃப்ராங்க், பூவும் பறவையும் கொடியும் படர்ந்த துணிகளை வரைந்தவர், வீடு தற்செயலாக உருவானது போல இருக்க வேண்டும் என்று 1958இல் ஒரு கட்டுரையே எழுதினார். பழசோடு புதுசைக் கலப்பது தப்பே இல்லை, பிடித்த பொருள்கள் தாமாகவே ஒன்றுசேர்ந்துவிடும் என்ற கட்சி. பாதிதான் உண்மை. ஃப்ராங்குக்குக் கண் இருந்தது, அவர் பொருள்கள் தாமாகச் சேர்ந்தன. எனக்கு மூன்று முறை சேரவில்லை.

இந்த வகைக்கும் குறை உண்டு. சுவரில் ஈரம் கோத்திருந்தால் என்ன செய்வது என்று சோன் சொல்ல மாட்டார். பல புத்தகங்களில் படங்கள் குறைவு. இத்தாலிய எழுத்தாளர் மாரியோ பிராஸ் தன் ரோம் வீட்டைப் பற்றி 1958இல் எழுதிய 'லா காசா தெல்லா வீத்தா' கிட்டத்தட்ட முழுக்க உரைநடை. ஒவ்வொரு நாற்காலிக்கும் ஒரு நினைவு, ஒவ்வொரு நினைவுக்கும் நான்கு கிளை. எனக்கு அது தேன். பொறுமை இல்லாதவர்களுக்கு மூன்றாம் அறையில் தூக்கம் வந்துவிடும்.

சரி, ஒன்றே ஒன்று என்றால்? சொந்த வீடு, அடுத்த மாதமே பெயிண்டர் வரப்போகிறார், வால்பேப்பர் வாங்கப் பட்டியல் போட்டாயிற்று என்பவர்களுக்கு நான் தயங்காமல் கையேட்டைச் சொல்வேன். எது பிடிக்கும் என்றே தெரியாதவர்களுக்குப் படப் புத்தகம், நூலகத்திலிருந்து, சீட்டுக் கட்டோடு. வீட்டில் இரண்டு பேர், ஒருவர் சிவப்பு என்றால் மற்றவர் முகம் சுளிக்கிறார் என்றால் படப் புத்தகத்தை இரண்டு பேரும் தனித்தனி நிறச் சீட்டோடு புரட்டுங்கள். இரண்டு சீட்டும் ஒட்டிய பக்கங்கள் நினைத்ததைவிட அதிகமாக இருக்கும். டிசைனர் புத்தகம் ஏற்கெனவே ஒருவர் கையெழுத்தில் மயங்கியவர்களுக்கு மட்டும். நிறையப் பொருள் ஏற்கெனவே கையில் இருக்கிறது, சேர்க்கத்தான் தெரியவில்லை என்பவர்களுக்கும், வாடகை வீட்டில் இருப்பவர்களுக்கும் ஒற்றை வீட்டுப் புத்தகம்.

எந்த வகையானாலும் கடையில் வைத்தே ஐந்து நிமிடத்தில் சோதித்துவிடலாம். ஒரு வீட்டுக்காவது தரை வரைபடம் இருக்கிறதா? ஒரே அறையை இரண்டு கோணத்தில் காட்டியிருக்கிறார்களா, இல்லை அழகான மூலை மட்டும்தானா? இரவில் எடுத்த படம் ஒன்றாவது உண்டா? சுவிட்ச், மின்கம்பி, டிவி எங்காவது தலைகாட்டுகிறதா? நல்ல படமெல்லாம் நடு மடிப்பில் போய் விழுந்திருக்கிறதா? கடைசிக் கேள்வி அற்பமாகத் தோன்றும். முழு அறையின் மையத்தையே மடிப்பு விழுங்கிவிட்ட புத்தகம் என்னிடம் இரண்டு இருக்கிறது.

தங்கைக்குச் சார்ல்ஸ்டன் புத்தகத்தை அனுப்பினேன். உள்ளே ஒரு தாளில் வால்பேப்பர் கணக்கையும் எல்ஆர்வி பற்றி நான்கு வரியையும் எழுதிவைத்தேன், கையேட்டுக்குப் பதிலாக. சுவரில் கை வைக்க வேண்டுமானால் வீட்டுக்காரரிடம் கேட்டுக்கொள் என்றும். இரண்டு வாரம் பேச்சே இல்லை. நேற்று ஒரு படம் அனுப்பியிருந்தாள். சுவர் இன்னும் வெள்ளைதான். சோபாவுக்குப் பக்கத்தில் நிற்கும் அவளுடைய பழைய மர அலமாரியின் ஒரு கதவு மட்டும் கடுகு மஞ்சளாகி, அதில் கோணல்மாணலாக ஒரு பூச்சாடி. மறு கதவை என்ன செய்வதென்று இன்னும் முடிவு செய்யவில்லையாம்.